மண்டபத்தில் காணாமல் போன வாசனை

எனக்கு மூக்கு கூர்மை. கோபமும் அதன் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும் என்பாள் என் மனைவி, அது வேறு விஷயம். காரைக்காலில் ஓர் அரசுப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகக் குப்பி கழுவியே பாதி வயதைக் கழித்தவன் நான். அமோனியாவா, குளோரினா, அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் அந்த இன்னொன்றா என்று மூடியைத் திறந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். எந்தக் குப்பியையும் நேராக மூக்கில் வைத்து இழுக்கக் கூடாது. தள்ளிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் காற்றை முகத்தின் பக்கம் விசிறிக்கொள்ள வேண்டும். அதுவே எனக்குப் பழக்கமாகி, வீட்டில் சாம்பாரைக்கூட அப்படித்தான் முகர்வேன். "இது குடும்பம் நடத்துற வீடா, லேபா?" என்பாள். ஆனாலும் பால் திரிந்ததா, மாவு புளித்ததா, எதுவானாலும் என் முகத்துக்கு நேரே நீட்டி, "மோந்து சொல்லுங்க" என்றுதான் கேட்பாள். நான் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இதில் சென்ட் பைத்தியம் வேறு. தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது பிரான்சில் ஆள் இருக்கும் ஊர் எங்களுடையது. என்னோடு படித்த ஒருவன் அங்கே போய்க் குடியுரிமை வாங்கிக்கொண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டி நிறைய சோப்பும் சாக்லேட்டுமாக வந்து இறங்குவான். அப்படி ஒருமுறை வந்தபோது, என் மனைவிக்கு என்று கனமான ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொடுத்தான்.

"இதுல காப்பியும் பூவும் இருக்கு தங்கச்சி. அங்க பொம்பளைங்கல்லாம் இதத்தான் அடிச்சிக்கிறாங்க."

"குடிக்கிறதப் போயி யாராவது பூசிக்குவாங்களாண்ணே?" என்று சிரித்தாள். அவன் போன பிறகு மணிக்கட்டில் ஒரு தெளிப்புத் தெளித்து, நாலைந்து தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, "சிக்கரி ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்லிப் புடவைகளுக்கு நடுவில் செருகிவிட்டாள். அவளுக்கு மல்லிகை போதும். அதையும் தலை வலிக்கிறது என்று பாதி நாள் பிய்த்துச் சாமி படத்துக்கு வைத்துவிடுவாள்.

சும்மா கிடக்கிறதே என்று நான் எடுத்து அடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பெண்களுக்கான சென்ட் என்றால் என்ன, ஆண் உடம்பில் ஒட்டாதா? முதல் நிமிடம் ஸ்பிரிட் நெடிதான் அடிக்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவன் முட்டாள். அப்புறம் காப்பி வரும். நம் வீட்டு டிகாக்‌ஷன் இல்லை, கொட்டையை வறுக்கும்போது கொஞ்சம் கருகவிட்டால் வருமே, அந்த வாசனை. அரை மணி கழித்து அதற்குள்ளிருந்து பூ எழும்பும். மல்லிகையா, நாரத்தம் பூவா என்று சொல்ல முடியாமல் நடுவில் நிற்கும். சாயங்காலம் பார்த்தால் இரண்டும் போய், பாயசம் சிந்தின துணி மாதிரி ஒரு தித்திப்பு மட்டும் காலரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசி ஈரத்தில் பகல் முழுக்க நிற்கும். சித்திரை வியர்வையில் ஒரு மணி நேரம் தாங்காது. ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார், "யாரு சார் காப்பிய மேல கொட்டிக்கிட்டது?" என்று கேட்டார். அவருக்கு ரசனை கிடையாது, விடுங்கள். என் கணக்கில் அது பத்துக்கு ஏழு.

அடுத்த வருடம் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. எப்போதோ வந்திருக்கிறது, இவள் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே சொல்லவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் காரைக்காலுக்குமாக அலைந்தோம். மருந்து ஏற்றியதில் முடி போனது, கட்டி போகவில்லை. கடைசியில் தோலைக் கிழித்துக்கொண்டு புண்ணாகவே வெளியில் வந்துவிட்டது. இனி வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வலியை அவள் பொறுத்துக்கொண்டாள். நாற்றத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அது எப்படிப்பட்டதென்று நான் இங்கே மென்று விழுங்கிச் சொல்லப் போவதில்லை: உயிரோடு இருக்கும் உடம்பில் ஒரு பகுதி செத்து அழுகிய நாற்றம். முதல் தடவை கட்டைப் பிரித்தபோது, என்னை அறியாமல் வலது கை எழும்பி வழக்கம்போல விசிறப் போனது. சட்டென்று கீழே இறக்கிவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து, நான் அறைக்குள் காலை வைக்கும்போதெல்லாம் அந்த ஒரே கேள்விதான். "நாத்தம் தெரியுதாங்க?"

அப்போதெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். தெரிகிறது என்றால் ஜன்னலைத் திறந்து, துணியை மாற்றி, விரிப்பை உருவிப் போட்டு வேறு விரிப்போம். இல்லை என்றால் அவள் முகம் தெளிந்து, ஒரு வாய் கஞ்சி இறங்கும். எதிர்வீட்டு அம்மா பார்க்க வந்து, வாசற்படியில் நின்றபடியே முந்தானையால் மூக்கைத் துடைப்பது போல மூடிக்கொண்டு பேசிவிட்டுப் போனதிலிருந்து, "இனிமே யாரையும் உள்ள விடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். சொந்தத் தம்பியைக்கூட வாசலோடு அனுப்பச் சொன்னாள். நான் அவனைக் கூடத்தில் உட்காரவைத்து, கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரையும் பேசவைத்தேன்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வந்த நர்சம்மாதான் காப்பித் தூள் யோசனையைச் சொன்னார். "மாத்திரையப் பொடிச்சு புண்ணுல தூவுறோம்ல, அது பாதிதான் சார் அடக்கும். காப்பித் தூள ஒரு தாம்பாளத்துல பரப்பிக் கட்டிலுக்கு அடியில வச்சுப் பாருங்க." வைத்தேன். நிஜமாகவே கொஞ்சம் அடங்கியது. இவள் கட்டிலில் இருந்தபடி, "எனக்குத்தான் காப்பி எறங்க மாட்டேங்குது, கட்டிலாவது குடிக்கட்டும்" என்றாள். நர்சம்மா சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றேன்.

இந்த நிலையில்தான் அவள் தம்பி பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பெண் பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தாள். திருநள்ளாற்றுப் பக்கம் வயல் வேலை பார்க்கும் குடும்பத்திலிருந்து வந்து, என் பள்ளியிலேயே சேர்ந்தாள். இரண்டு வருடமும் இவள்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். என் மனைவி வீட்டு வழக்கத்தில், பெண்ணுக்கு நலுங்கு வைக்கும்போது முதல் கை அத்தையுடையது. பெண்ணை மணையில் உட்காரவைத்து, கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அதன் பிறகுதான் மற்றப் பெண்கள். இவளுக்கு உலகத்தில் மிச்சம் இருந்த ஆசை அது ஒன்றுதான். அந்தக் கன்னத்தில் முதல் சந்தனம் தன் கையால் விழ வேண்டும்.

ஆனால் சந்தனம் பூச வேண்டுமென்றால் குனிய வேண்டும், முகத்துக்கு முகம். "அந்தப் புள்ள மூச்சப் புடிச்சிக்கிட்டுச்சுன்னா நான் அங்கயே செத்துருவேன்" என்றாள். "நாத்தம் தெரியும்னா நான் வரலைங்க. நீங்க மோந்து பாத்து, உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ஒங்க மூக்கத்தான் நம்பி இருக்கேன்."

எனக்கு அந்தப் புட்டியின் ஞாபகம் வந்தது. கட்டிலுக்கு அடியில் காப்பி வேலை செய்கிறதே, அதே காப்பி, கூடவே பூவும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தூள் வாடையைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். சென்ட் எதையும் இழுக்காது, மேலே போர்வை போடத்தான் தெரியும். ஆய்வகத்தில் காலம் தள்ளியவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆசை வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது.

இரண்டு நாள் முன்னதாகவே ஒத்திகை பார்த்தோம். நர்சம்மா கட்டை இரண்டு மடங்கு பஞ்சு வைத்துக் கட்டிவிட்டுப் போனார். அவள் மாம்பழ நிறப் பட்டைச் சுற்றிக்கொண்டாள். ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. "பட்டுல அடிக்காதீங்க, கறை புடிக்கும்" என்றாள், அந்த நிலையிலும். உள் துணியில், பிடரியில், மணிக்கட்டில், காதுக்குப் பின்னால் என்று தெளித்தேன். கூடத்து நாற்காலியில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மூக்கைத் துப்புரவாக்கிக்கொள்ளத் தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்பினேன்.

கதவைத் திறந்ததும் காப்பி. நல்ல, கருகலான, தைரியமான காப்பி. இரண்டு அடி வைத்ததும் பூ. என் மேல் வந்ததைவிட அவள் மேல் பூ சீக்கிரம் வந்தது, ஜுர உடம்பு. பக்கத்தில் போய் அவள் எதிரில் குனிந்தேன், சந்தனம் பூசுகிறவளுக்கும் பெண்ணுக்கும் நடுவில் இருக்குமே, அவ்வளவு தூரம். கையால் விசிறவில்லை, நேராகவே இழுத்தேன். காப்பிக்கும் பூவுக்கும் அடியில் அது இருந்தது. மெல்லியதாக, ஒரு நூல் அளவுக்கு.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சுகூட விடவில்லை.

"ஒண்ணும் தெரியல" என்றேன்.

"நெசமாவா?"

"காப்பிக்கடை மாதிரி இருக்க, போ."

அவள் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து. அந்தச் சிரிப்புக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பாதி உண்மைதான். மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த வீட்டை விட்டு ஒரு நாள் வெளியே போக வேண்டும்போல் இருந்தது. பந்தியில் உட்கார்ந்து, நாலு பேரோடு பேசி, சூடாக ஒரு பிடி சோறு சாப்பிட வேண்டும்போல் இருந்தது. நூல் அளவுதானே, யாருக்குத் தெரியப் போகிறது, எல்லாருக்கும் என் மூக்கா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, திருநள்ளாற்றில் மண்டபம். காரில் ஏறுவதற்கு முன் இன்னொரு முறை தெளித்தேன். வழியெல்லாம் கார் முழுக்கக் காப்பியும் பூவுமாக இருந்தது. ஓட்டி வந்தவர்கூட, "என்ன சென்ட் சார், நல்லாருக்கு" என்றார். இவள் என் தொடையில் மெல்லத் தட்டினாள். சின்னப் பெண் மாதிரி ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். உள்ளே ஒரு நூறு பெண்கள், ஒவ்வொரு தலையிலும் முழம் முழமாக மல்லிகை. தூண்களில் சம்பங்கிச் சரம். சமையற்கட்டிலிருந்து தட்டுத் தட்டாகக் காப்பி வந்துகொண்டே இருந்தது. நான் நாலடி நடந்திருப்பேன்.

சென்ட்டைக் காணவில்லை.

அவளை ஒட்டித்தான் நடந்து வந்தேன். முகர்ந்து முகர்ந்து பார்க்கிறேன், காப்பியும் பூவும் எங்கு பார்த்தாலும் இருக்கிறது, அவள் மேல் இருப்பது எது என்று பிரிக்க முடியவில்லை. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் வாசனையே காப்பியும் மல்லிகையும்தான் என்று வீட்டில் உட்கார்ந்து பத்துக்கு ஏழு போட்ட இந்தப் பெரிய மனிதனுக்கு ஒரு கணம் தோன்றவில்லை. உள்ளே இருந்தவர்களுக்கு அந்த வாசனை காலையிலேயே பழகி மரத்துப்போயிருக்கும். அவர்கள் மூக்குக்குப் புதிதாகப் போகப் போவது ஒன்றே ஒன்றுதான். நான் போட்ட போர்வை வாசலோடு போய்விட்டது.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். தம்பி ஓடி வந்து, "அக்கா, வந்துட்டியா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. மேடைக்கு நேர் கீழே முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். பெண்ணுக்கு அறையில் அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. வந்ததும் நலுங்கு. இவள் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் அதை மடியில் வைத்து, சந்தனம் காய்ந்துவிடாமல் விரலால் குழைத்துக்கொண்டே இருந்தாள்.

மேலே மின்விசிறி சுற்றியது. பின் வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் முதலில் எழுந்து போனார்கள். பிறகு பக்கத்து நாற்காலி. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர், இவளை யாரென்றே அறியாதவர், மண்டபத்து ஆளைக் கூப்பிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார்: "தம்பி, இங்க எங்கயோ எலி செத்துக் கெடக்குது போல. மேடைக்கு அடியில பாருங்களேன். பொண்ணு வர்ற நேரம்."

அந்த ஆள் துடைப்பமும் கையில் போன் வெளிச்சமுமாக வந்தார். மேடைத் திரையைத் தூக்கிப் பார்த்தார். முதல் வரிசை நாற்காலிகளுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவர், இவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, காலக் கொஞ்சம் தூக்கிக்குங்க."

அவள் தூக்கிக்கொண்டாள். பட்டுப் புடவையைக் கணுக்கால் தெரிய ஒரு கையால் ஒதுக்கி, மறு கையில் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். அவர் நாற்காலிக்கு அடியில் வெளிச்சம் அடித்துத் தேடினார்.

"இருக்காப்பா?" என்று கேட்டாள்.

"எலியக் காணம்மா. வாடை மட்டும் இந்த எடத்துலதான் வருது. பினாயில் ஊத்திடுறேன்."

நான் அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். எழுந்தும்விட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கிண்ணத்தை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, "எனக்குக் கிறுகிறுன்னு வருதும்மா. யாராவது சுமங்கலியாப் பாத்து ஆரம்பிச்சிடுங்க, எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்று சொன்னாள். நல்ல தெளிவான குரல். விரலில் இருந்த சந்தனத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். பெண் இன்னும் அறையை விட்டு வரவில்லை.

கார் வரைக்கும் தம்பி ஓடி வந்தான். "அத்தான், என்னாச்சு? யாரு என்ன சொன்னாங்க?" என்றான். "முடியலப்பா அவளுக்கு" என்று மட்டும் சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல.

பாதி வழி வந்திருப்போம். காருக்குள் மறுபடியும் காப்பியும் பூவும் கிளம்பிவிட்டது, வெட்கங்கெட்ட சென்ட். நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். இரண்டையும் செய்யவில்லை.

"அன்னிக்கு வீட்ல மோந்து பாத்தீங்களே. அப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் என்னைப் பார்க்காமல் வெளியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுது" என்றேன். "கொஞ்சமாத்தான்."

அவள் தலையை ஆட்டினாள். கோபமே இல்லை. கணக்கு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்ட மாதிரி ஆட்டினாள்.

"அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள், "அந்தப் புள்ளைய நேத்தே நம்ம வீட்டுக்கு வரச் சொல்லி, நம்ம கூடத்துல ஒக்காரவச்சுப் பூசியிருப்பேனே. அதுக்குத்தான் என் ஒடம்பு சங்கதி எல்லாம் தெரியுமே. அது மூச்சப் புடிச்சிக்கிட்டாகூட, நம்ம வீட்டுக்குள்ளதானே."

காரை மறுபடி திருப்பச் சொல்லலாமா, பெண்ணை எப்படியாவது அழைத்து வந்துவிடலாமா என்று என் புத்தி எங்கெங்கோ ஓடியது. மண்டபத்துக்கு வந்துவிட்ட கல்யாணப் பெண்ணை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறிவிட்டது. அவர்கள் வழக்கத்தில் தாலி ஏறிய பிறகு நலுங்கு கிடையாது.